பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், பெட்டியில் கருவாடு

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பயணம் அதிசயம் இல்லை. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் என்று எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். பாண்டியில் கேட்கவே வேண்டாம். 1962-இல் பிரான்ஸ் சட்டப்படி கைமாற்றிக் கொடுத்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸ் புறநகர்களில் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். நான் கடலூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவன். கம்பெனி வேலையாக அவ்வப்போது சிங்கப்பூரும் கோலாலம்பூரும் போய்வருவதால், சொந்தத்தில் யாருக்கு விசா வந்தாலும் பெட்டி கட்டும் நாளில் எனக்கு போன் வந்துவிடும்.

இத்தனை பேர் போய்வந்தும், முதல்முறை கிளம்புகிறவருக்கு நம் ஊரில் கிடைக்கும் அறிவுரை "மூணு மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட் போயிடு" என்பதோடு முடிந்துவிடுகிறது. நான் பார்த்தவரையில் ஏர்போர்ட்டுக்குள் பிறக்கும் சிக்கல் குறைவு. பெரும்பாலும் அது பெயரில் இருக்கும், திண்டிவனம் ரோட்டில் இருக்கும், இல்லையென்றால் பெட்டிக்குள் இருக்கும்.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். 'சர்நேம்' என்ற கட்டத்தைப் பலர் காலியாக விட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட் அதற்காக நிற்காது, வீடு தேடி வந்துவிடும். தலைவலி பிறகுதான். டிக்கெட் எடுக்கும் தளத்தில் சர்நேம் போடாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. ஒரு விமானக் கம்பெனி இருக்கிற ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், இன்னொன்று 'எல்என்யு' (கடைசிப் பெயர் தெரியாது) என்று மூன்று எழுத்துப் போடச் சொல்லும். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரரின் பெயரைச் சர்நேம் இடத்தில் வைத்து, முதல்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல்பெயர் தெரியாது) என்று அச்சடித்துவிடுவார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் உள்ளே விடுவதில்லை என்று அறிவித்தது. பிறகுதான் பாஸ்போர்ட்டின் மறுபக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் துபாய் கிளம்பினான். டிக்கெட் போட்ட ஏஜென்ட், பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் ஆதாரைப் பார்த்து, சர்நேம் இடத்தில் 'கே' என்ற ஒற்றை எழுத்தைத் தட்டிவிட்டார். பாஸ்போர்ட்டில் 'கலியமூர்த்தி' என்று முழுசாக இருந்தது. கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஏஜென்டை எழுப்பி, மாற்றக் கட்டணம் கட்டி, பெயர் திருத்தி வருவதற்குள் அவனுக்கு உயிர் போய் வந்தது. டிக்கெட் கைக்கு வந்த அன்றே சரிபார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி ஓடும் பாருங்கள், கவுன்டரில் மெஷின் படிப்பது அதைத்தான். அந்த முதல் வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ, டிக்கெட்டிலும் எழுத்து பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும். ஆதாரையும் பான் கார்டையும் அந்த நேரத்தில் மறந்துவிடலாம்.

பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரை விரித்துப் போட்டுவிடுங்கள் என்பது. அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தாலும் கோலாலம்பூர் ஓட்டல் வரவேற்பில் "மிஸ்டர் கலியமூர்த்தி" என்று அவர் பெயரைத்தான் கூப்பிடுவார்கள், திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. புருஷனுக்கு அவன் அப்பா பெயர், பெண்டாட்டிக்கு அவள் அப்பா பெயர், குழந்தைக்குப் புருஷன் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று சர்நேம் இருக்கும். அம்மா மட்டும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும்போது இது யார் குழந்தை என்று கேட்பார்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டின் நகலையும் கைப்பையில் வைத்துக்கொண்டால் அந்தக் கேள்விக்கு வாய்வார்த்தையாக விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். வளைகுடா அதிகாரியிடம் நம் இனிஷியல் முறையை விளக்கப் புறப்படுவது வீண் வேலை.

பாண்டிப் பழைய குடும்பங்களுக்கு இது இன்னும் ஒரு சுற்று அதிகம். பிரெஞ்சுக்காலப் பதிவேட்டில் 'யு' வரவேண்டிய இடத்தில் 'ஓயு' இருக்கும். சுப்பிரமணியனும் முத்துவும் லட்சுமியும் வேறு ஆட்கள் மாதிரி எழுதப்பட்டிருப்பார்கள். தாத்தா பிறப்புப் பதிவில் ஒரு எழுத்துக்கூட்டு, அப்பா பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று, பேரன் பாஸ்போர்ட்டில் மூன்றாவது. பிரான்சில் இருக்கும் உறவைக் காட்டி விசா கேட்பவர்கள் இந்தத் தாள்களை வரிசையாக வைத்து ஒருமுறை படித்துவிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் நோட்டரி பிரமாணப் பத்திரம் போடுவதா, பதிவையே திருத்துவதா என்று முடிவெடுக்கக் குறைந்தது சில வாரங்களாவது கையில் இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் காலாவதித் தேதி எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கோட்டை விடுகிறார்கள். தேதி முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறதே என்பார்கள். பல நாடுகளுக்கு உள்ளே நுழையும் நாளில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்கு, திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம். பெரியவர்களுக்குப் பத்து வருஷம் செல்லும், சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்துதான். வீட்டில் முதலில் காலாவதியாவது பிள்ளையின் பாஸ்போர்ட்டாகத்தான் இருக்கும். புதுப்பிக்கச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, பாண்டியிலும் கடலூரிலும் சேவை மையம் இருக்கிறது. 36 பக்கத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000. அடிக்கடி போகிறவர்கள் 60 பக்கம் கேட்டு வாங்குவது மேல்.

விசா விஷயத்தில் எங்கள் பக்கம் அதிகம் பார்க்கிற தாள் ஒன்று உண்டு. பிரான்சில் இருக்கும் மகள் வீட்டில் தங்கப் போகிற அம்மா அப்பாவுக்கு, மகள் அங்கே தன் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற அழைப்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். முப்பது யூரோ முத்திரைக் கட்டணம். வீட்டில் எத்தனை அறை, சம்பளம் எவ்வளவு என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள், ஒரு மாதம்கூட இழுக்கும். வாட்சப்பில் வரும் போட்டோ போதாது, அசலே வேண்டும். கூரியரில் அது கடலூர் வந்து சேரும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே கொடுக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். "பொங்கல் முடிஞ்சு பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டு, ஏப்ரலில் பிரசவத்துக்குப் போக முடியாமல் தவித்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

விசா வேண்டாத ஊர் என்றாலும் தாள் வேலை இல்லாமல் இல்லை. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து நம்மை விசா இல்லாமல் 30 நாள் விடுகிறது. ஆனால் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பியிருக்க வேண்டும். தாய்லாந்துக்கு 2025 மே மாதத்திலிருந்து அதே கதை. சிங்கப்பூருக்கு விசாவும் வேண்டும், வருகை அட்டையும் வேண்டும். இந்த அட்டைகள் அரசுத் தளத்தில் இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பது பணம் கேட்கும் தனியார் தளமாக இருக்கலாம், முகவரியைப் பார்த்து உள்ளே போங்கள்.

இனி ரோடு. பாண்டியிலிருந்து சென்னை ஏர்போர்ட் இருக்கும் திருசூலம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர், கடலூரிலிருந்து இன்னும் இருபத்துச் சொச்சம். கூகுள் மூன்று மணி நேரம் காட்டும். மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் என்று டோல்கேட் வரிசை, செங்கல்பட்டுப் பாலாறு, தாம்பரம் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் நான் கடலூரிலிருந்து ஐந்து மணி நேரம் வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அதுவும் போதாது. பாண்டிக்குப் பொழுதுபோக்க வந்த சென்னைக்காரர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில்தான் திரும்புவார்கள். ஈசிஆரில், அதாவது கடற்கரைச் சாலையில் போனால் மாமல்லபுரத்தில் நின்றுவிட்டு, அங்கிருந்து ஜிஎஸ்டி ரோட்டுக்குக் குறுக்கே வர இன்னொரு பாடு. ஏர்போர்ட் போவதற்குத் திண்டிவனம் வழியே சரி என்பது என் கட்சி. கடல் காற்று வாங்கிக்கொண்டு போக ஆசைப்படுகிறவர்கள் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒன்று. முன்பெல்லாம் கோயம்பேடு போகும் வண்டியில் ஏறி, திருசூலம் பக்கத்தில் இறங்கிக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு திண்டிவனம் வழி வண்டிகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து பெட்டியோடு மாநகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரயிலில் தாம்பரம் வந்து, மின்சார ரயிலில் திருசூலம் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ஏர்போர்ட். ஒற்றைப் பையோடு பகல் விமானத்துக்கு அது அருமையான வழி. இரண்டு பெரிய பெட்டியும் வயசான அம்மாவும் கூட இருந்தால் கார் எடுங்கள். பாண்டி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சின்ன விமானம் விட ஆரம்பித்தார்கள். அங்கே போய் மாறுவது என்றால் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், அடுத்த கம்பெனிக்கு உங்கள் மேல் எந்தக் கடமையும் இல்லை.

கார்த்திகை, மார்கழி பயணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டிக்குப் பக்கத்தில் கரையேறியது. அன்று மதியத்திலிருந்தே சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். புயல் போன பிறகாவது விட்டதா என்றால், விழுப்புரம் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளம், சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் தண்ணீர், கடலூர் சுற்றுவட்டாரம் மிதந்தது. அந்த வாரம் விமானம் பறந்தும் ஏர்போர்ட் போய்ச் சேர முடியாதவர்கள் இருந்தார்கள். அதனால் அந்த இரண்டு மாதத்தில் ராத்திரி விமானம் என்றால் முதல் நாளே போய்ப் பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது என் பழக்கம். சொந்தம் இல்லாவிட்டால் லாட்ஜ். அந்த வாடகை, தவறவிட்ட டிக்கெட்டின் விலையில் ஒரு மூலைக்கு வராது.

ராத்திரி விமானம் என்றதும் ஞாபகம் வருகிறது. வளைகுடா, சிங்கப்பூர் விமானங்கள் பல நடுநிசிக்குப் பிறகு கிளம்பும். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.50 என்று போட்டிருந்தால், 14-ஆம் தேதி மத்தியானம் சாப்பிட்டவுடன் கடலூரை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். பதினைந்தாம் தேதி நல்ல நேரம் பார்த்து, சாயங்காலம் பூசணிக்காய் சுற்றிப் போட்டு, தெருவே வழியனுப்பக் கிளம்பிப் போன கதை எங்கள் பேட்டையில் உண்டு. நாட்காட்டியில் குறிக்கும்போது விமானம் கிளம்பும் நேரத்தை எழுதாமல், வீட்டை விட்டு இறங்கும் நேரத்தை எழுதுங்கள்.

இப்போது பெட்டி. போன வருஷம் என் அத்தை, திருப்பாப்புலியூரில் இருப்பவர், பாரிஸ் புறநகரான சார்செல்லில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். போய்ப் பார்த்தால் கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். இரண்டு கிலோ நெய், பால்கோவா, பண்ருட்டிப் பலாச்சுளை, முந்திரி, முதுநகர் மார்க்கெட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாடு, கொப்பரை, கறிவேப்பிலை ஒரு கட்டு. நடுவில் கொக்கித் தராசு, பெட்டியைத் தூக்கிப் பிடிக்கப் பக்கத்து வீட்டுப் பையன்.

"அத்தை, நெய்யை எடுங்க. ஐரோப்பாவுக்குப் பால் சாமானும் கறியும் ஒரு கிராம்கூட எடுத்துட்டுப் போகக் கூடாது."

"நெய் இல்லாம பேரப்புள்ளைக்குப் பருப்பு சோறு எப்படிடா ஊட்டுறது? இந்த நாத்தம் புடிச்ச கருவாட்டத்தான் புடுங்கிப் போடுவான்னு நெனச்சேன்."

"கருவாடு போகலாம் அத்தை. மீன் வகை தலைக்கு இருபது கிலோ வரைக்கும் விடுறாங்க."

அத்தை நம்பவில்லை. மகளுக்கு போன் போட்டு, அவள் சொன்ன பிறகுதான் நெய் டப்பாவை நகர்த்தினார். "அந்த ஊரு வெண்ணெய்ய உருக்குனா மணம் வருமா?" என்று கடைசி முயற்சி. முருங்கைக்கீரை போட்டால் வரும், அது லா சப்பல் தமிழ்க் கடையிலேயே கிடைக்கும் என்று மகள் சொல்லிவிட்டாள்.

பழம், கீரை, செடி வகைக்கு ஐரோப்பாவில் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியான் ஐந்துக்கு மட்டும் விலக்கு. பண்ருட்டிப் பலாவும் கறிவேப்பிலையும் அந்தப் பட்டியலில் இல்லை. கறிவேப்பிலையைக் காயவைத்துப் பொடியாக இடித்துக் கொடுத்துவிட்டோம். உடைத்து வறுத்த முந்திரிக்குத் தடை இல்லை. கொப்பரையை விமானமே ஏற்காது. எண்ணெய்ப் பதம் நிறைந்தது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சாமான் என்று அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். கருவாட்டைக் காற்று எடுத்து பேக் செய்து, அதை எவர்சில்வர் தூக்கில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினோம். இது சட்டத்துக்காக இல்லை, அதே பெட்டியில் இருந்த பட்டுப் புடவைக்காக.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் முதலில் தேட வேண்டியது கசகசா. நம் குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசாதான். அபின் செடியின் விதை என்பதால் அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, ஜெயில் வரைக்கும் போன வழக்குகள் உண்டு. அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இருமல் மருந்தில் கோடீன், வலி மாத்திரையில் டிரமடால் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்துப்போகாமல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும். இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டி அறைக் குளிரில் உறைந்து கெட்டுவிடும். சித்த வைத்தியர் மடித்துக் கொடுத்த சூரணம், பாடலீஸ்வரர் கோயில் விபூதி மாதிரி பெயரில்லாத பொடிப் பொட்டலங்கள் சோதனைக்காரரின் கண்ணை இழுக்கும். கோயில் பெயர் அச்சடித்த பாக்கெட்டாக வாங்கிப் பெரிய பெட்டியில் போடுங்கள். அமெரிக்கா போகும் விமானத்தில் கையில் 350 மில்லி அளவுக்கு மேல் எந்தப் பொடி இருந்தாலும் தனியாகச் சோதிப்பார்கள், சாம்பார்ப் பொடியும் அதில் அடக்கம்.

பவர் பேங்க் நேர் எதிர், அது பெரிய பெட்டியில் இருக்கக் கூடாது, கையில்தான். 100 வாட்-மணி வரை சரி. கடையில் விற்கும் 20,000 எம்ஏஹெச் 74 வாட்-மணி சொச்சம்தான் வரும், கவலையில்லை. ஆனால் எழுத்து தேய்ந்துபோன பழசைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸ் அதே வருஷம் அக்டோபரிலிருந்தும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே விடுவதில்லை. வீட்டிலேயே போனை முழுசாக சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

முதல்முறை தனியாகப் போகும் பெரியவர்களுக்கு வீல்சேர் கேட்டுவிடுவது நல்லது. "நான் நல்லாத்தானே நடக்குறேன்" என்று அத்தை கோபித்துக்கொண்டார். நடப்பதற்காக இல்லை, தோஹாவிலோ துபாயிலோ அடுத்த கேட் எங்கே என்று தேடாமல் ஆள் கூட்டிக்கொண்டு போவதற்காக. டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும், விமானத்துக்கு 48 மணி நேரம் முன்பு ஒருமுறை உறுதி செய்ய வேண்டும். சாப்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. 'இந்து மீல்' என்று போட்டால் சைவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் மாட்டுக்கறி இருக்காது என்பதுதான் பொருள், கோழியோ ஆடோ வரும். சைவம் வேண்டுமென்றால் 'ஏஷியன் வெஜிடேரியன்' கேட்க வேண்டும். அத்தைக்கு அது கவலையே இல்லை, கோழி வந்ததற்குச் சந்தோஷப்பட்டார்.

அத்தைக்கு ஒரு அட்டையில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதிக் கொடுத்தேன். பெயர், மகள் வீட்டு முகவரி, போன் எண், திரும்பும் தேதி, சாப்பிடும் மாத்திரை. இமிக்ரேஷனில் கேட்கும் கேள்வி மூன்று நாலுதான்: எங்கே, யார் வீடு, எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் இருக்கிறதா. கேட்டதற்கு மட்டும் பதில். "மகளுக்கு ஒத்தாசையா வேலை செய்யப் போறேன்" என்று நம் பெரியவர்கள் வெள்ளந்தியாகச் சொல்வார்கள், 'வேலை' காதில் விழுந்ததும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிடுவார். மகளையும் பேரனையும் பார்க்கப் போகிறேன் என்பது உண்மையும்கூட, போதுமானதும்கூட. புடவை கட்டியவர்கள் நகரும் படியைத் தவிர்த்து லிஃப்டில் போகட்டும். விமானத்தில் நடைபாதை ஓரச் சீட். கழிப்பறைத் தாழ்ப்பாளை எப்படி நகர்த்துவது என்று யூடியூபில் ஒருமுறை காட்டிவிடுங்கள், கேட்கக் கூச்சப்பட்டுப் பத்து மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

தாலிக்கொடி, வளையல் என்று கனமாகப் போட்டுக்கொண்டு போகிறவர்கள், கிளம்பும்போதே சென்னை கஸ்டம்ஸில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். நகைக்கடை பில்லும் மதிப்பீட்டாளர் சீட்டும் எடுத்துப்போனால் வேலை சுலபம். திரும்பும்போது இது இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்பதற்கு அதுவே ஆதாரம். என்னைக் கேட்டால் நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே நிம்மதி, ஆனால் அத்தைகளிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

பணத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2020-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி புது கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வரும். வங்கி ஆப்பில் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறக்க வேண்டும், கிளம்புவதற்கு முன் செய்துவிடுங்கள். வெளிநாட்டுக் கடையில் "ரூபாயில் கட்டுகிறீர்களா" என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள், ரூபாய்க் கணக்கில் அவர்கள் வைக்கும் விலை எப்போதும் அதிகம். நம் ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் வங்கி ஓடிபி வராது. சின்ன ரோமிங் பேக் ஒன்று போட்டு அதை உயிரோடு வைத்திருங்கள், இணையத்துக்கு அந்த ஊர் சிம் வேறு. பாஸ்போர்ட், விசா, காப்பீடு மூன்றின் படமும் போனில் ஒன்று, ஊரில் இருக்கும் யாராவது ஒருவரிடம் ஒன்று.

அடிக்கடி போய்வருகிறவர்கள் அரசின் விரைவு இமிக்ரேஷன் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். சென்னையில் 2025 ஜனவரியில் வந்தது, கட்டணம் இல்லை. ஒருமுறை விரல்ரேகையும் முகமும் பதிந்துவிட்டால் வரிசையில் நிற்காமல் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். டிஜி யாத்ரா இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள், அது உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும்தான்.

திரும்பி வரும்போது ஒரு விஷயம், கடலூர்க்காரர்களுக்கு மட்டும். டியூட்டி ஃப்ரீயில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை மதுபானம் வாங்கி இந்தியாவுக்குள் கொண்டுவரலாம். பாண்டிக்காரர் அதைச் சுமந்து வருவதே வீண், அவர் தெருமுனையிலேயே கடை இருக்கிறது. ஆனால் நம் கார் சென்னையிலிருந்து பாண்டிக்குள் புகுந்துதான் கடலூர் வரும். அதனால் வாங்கிய பில்லையும் போர்டிங் பாஸையும் பெட்டிக்குள் திணித்துவிடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். பாண்டி பாட்டிலைத் தேடும் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொல்லும்போது, இது சிங்கப்பூர் பாட்டில், பாண்டி பாட்டில் இல்லை என்று காட்ட வேறு எதுவும் உங்களிடம் இருக்காது.